வாக்குப் பெட்டியும் ஆளுநர் மாளிகையும்



துணைநிலை ஆளுநர் என்னும் பதவிப் பெயரை நீங்கள் நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறீர்கள். புதுவைச் செய்தி வரும்போதும் தில்லிச் செய்தி வரும்போதும் அப்பெயர் வருகிறது. வகுப்பில் இதன் பொருளைக் கேட்டால், ஆளுநருக்குத் துணையாக இருப்பவர் என்றே பெரும்பாலான மாணவர்கள் விடை கூறுவர். சொல்லை மட்டும் பிரித்துப் பார்த்தால் அவ்விடை சரியாகத்தான் தோன்றும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது சரியான விடையே ஆகும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் ஒருவரும், அவருக்கு அடுத்தபடியாகத் துணைநிலை ஆளுநர் ஒருவரும் உண்டு. பெரும்பாலும் இருவரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர் இறந்தாலோ விலகினாலோ அவருடைய இடத்துக்குத் துணைநிலை ஆளுநர் வருவார்.

நம் நாட்டில் நிலைமை வேறு. இங்கே மாநிலத்துக்கு ஆளுநர். ஒன்றியப் பிரதேசத்துக்கு நிர்வாகி. அந்த நிர்வாகிக்குப் புதுவை, தில்லி, அந்தமான் நிக்கோபார், ஜம்மு காஷ்மீர், லடாக் ஆகிய ஐந்து பிரதேசங்களில் துணைநிலை ஆளுநர் என்னும் பெயர் வழங்கப்படுகிறது. அவர் எந்த ஆளுநருக்கும் துணை அல்லர். மாநில ஆளுநரைப் பற்றி அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவு முதலான பிரிவுகளும், ஒன்றியப் பிரதேச நிர்வாகியைப் பற்றி 239-ஆம் பிரிவும் பேசுகின்றன. இரு பதவிகளுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. எந்த வாக்காளரும் இவர்களுக்கு வாக்களிப்பதில்லை. இருவரையும் குடியரசுத் தலைவரே அமர்த்துகிறார்; அதாவது, மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி அமர்த்துகிறார்.

இவ்வாறுதான் இருந்தாக வேண்டும் என்று நம் அரசியலமைப்பை ஆக்கியோர் முதலிலேயே கருதவில்லை. சர்தார் வல்லபபாய் படேல் தலைமையிலான மாகாண அரசியலமைப்புக் குழு, 1947-ஆம் ஆண்டில், ஆளுநரை வயது வந்தோர் அனைவரும் நேரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசியல் நிர்ணய சபையும் அப்போது அதனை ஏற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1949-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அதே சபை அம்முடிவை மாற்றிக்கொண்டது. காரணம் விளங்கக்கூடியதே. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர் ஒருவர் இருக்கும்போது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் எதிரே அமர்ந்தால், 'எனக்கும் மக்கள் வாக்களித்தார்கள்' என்று அவர் சொல்லமாட்டாரா? ஒரு வண்டிக்கு இரண்டு வண்டிக்காரர் ஆகாது என்று எண்ணினார்கள். ஆகவே நியமனம் என்று முடிவாயிற்று.

முடிவு ஒரு சிக்கலைத் தீர்த்தது, மற்றொன்றைக் கொண்டுவந்தது. நியமனம் பெறும் பெரியவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பலர் தேர்தல் களத்திலிருந்தே வருகிறார்கள். வாழ்நாள் முழுதும் மேடை ஏறிப் பேசி, வாக்குக் கேட்டு, வென்றும் தோற்றும் பழகிய ஒருவர், திடீரென்று ஒரு நாள் வாக்கும் இல்லாத, பேச்சும் அளவோடு இருக்க வேண்டிய ஓர் இருக்கையில் அமர்கிறார். அப்போது என்ன நேர்கிறது? இதனை நம் கொங்கு நாட்டு வரலாற்றிலிருந்தே காட்டலாம் என்று கருதுகிறேன். மகாராட்டிர மாநிலத்தின் ஆளுநர் மாளிகையில் கொங்கு மண்ணைச் சேர்ந்த மூவர் அமர்ந்திருக்கிறார்கள். 1962-இல் டாக்டர் ப. சுப்பராயன், 1990-இல் திரு. சி. சுப்பிரமணியம், 2024-இல் திரு. சி. பி. இராதாகிருஷ்ணன். மூவரும் வெவ்வேறு காலத்தவர்; அரசியல் வழியிலும் வேறுபட்டவர்கள். மூவரும் வாக்காளர் முன் நின்றவர்கள்.

துணைநிலை ஆளுநர் என்று தொடங்கினேன். எனவே அப்பதவியையும் வகித்தவரான திரு. இராதாகிருஷ்ணனை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் திருப்பூரில் பிறந்தவர். கோயம்புத்தூர்த் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் நின்று 1998-இலும், மறு ஆண்டே நடந்த தேர்தலில் மீண்டும் 1999-இலும் மக்களவைக்குச் சென்றார். அதே தொகுதியில் 2004, 2014, 2019 ஆகிய மூன்று தேர்தல்களில் தோல்வியும் கண்டார். முறையே இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியும், அண்ணா தி.மு.க.வும், மார்க்சிஸ்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியும் அவரை வென்றன. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜார்க்கண்ட் மாநில ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. தெலங்கானா ஆளுநராகவும் புதுவைத் துணைநிலை ஆளுநராகவும் இருந்த டாக்டர் தமிழிசை சௌந்தரராஜன், தென் சென்னையில் மக்களவைத் தேர்தலில் நிற்பதற்காக இரு பதவிகளையும் துறந்தார். அவ்விரண்டும் இராதாகிருஷ்ணனுக்குக் கூடுதல் பொறுப்பாக வந்து சேர்ந்தன. ஏறத்தாழ நான்கு மாதம், ராஞ்சி, ஐதராபாத்து, புதுவை ஆகிய மூன்று தலைநகர்களின் ஆளுநர் மாளிகைகள் ஒருவருடைய பொறுப்பிலேயே இருந்தன. ஒருவரே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு ஆளுநராக இருக்கலாம் என்பது 1956-ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் தந்த வசதி. ஒரு சட்டமன்ற உறுப்பினர் இரண்டு தொகுதிகளை வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் காங்கேயத்திலேயே இதனைக் கண்டோம். 1991-இல் செல்வி ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் நின்று இரண்டிலும் வென்றார். பர்கூரை வைத்துக்கொண்டு காங்கேயத்தை விட்டார். வாக்கால் வரும் பதவிக்கும் ஆணையால் வரும் பதவிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் இங்கே எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். முன்னதில் ஒரு தொகுதிக்கு ஓர் ஆள் என்னும் கணக்கு உண்டு. பின்னதில் அக்கணக்கு இல்லை. தேர்தலுக்குத் திரும்பிய டாக்டர் தமிழிசைக்கும் வாக்காளர் சலுகை காட்டவில்லை. தென் சென்னையில் அவர் தோற்றார்.

இராதாகிருஷ்ணன் 2024 சூலை இறுதியில் மகாராட்டிர ஆளுநரானார். 2025 செப்டம்பர் 9-ஆம் நாள் நடந்த தேர்தலில் 452 வாக்குகள் பெற்றுக் குடியரசுத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்த்து நின்ற நீதிபதி சுதர்சன் ரெட்டி பெற்றவை 300. இத்தேர்தலில் வாக்களிப்போர் நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களே.

இனி அறுபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம். குமாரமங்கலம் ஜமீன்தாரான டாக்டர் சுப்பராயன், திருச்செங்கோட்டுப் பகுதியினர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்தார். அக்காலத்தில் எல்லோருக்கும் வாக்கு இல்லை. சொத்தும் வரியும் உடையோருக்கே வாக்கு. சுயேச்சையாக இருந்தே அவர் மந்திரிசபை அமைத்தார் என்பதை இக்காலத்து மாணவர்கள் நம்புவது அரிது. பின்னர்க் காங்கிரசில் சேர்ந்து, 1937-இல் ராஜாஜியின் மந்திரிசபையிலும், விடுதலைக்குப் பின் ஓமந்தூரார் மந்திரிசபையிலும் இருந்தார். இந்தோனேசியாவில் இந்தியத் தூதராக இருந்தார். நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்துத் துறையை நடத்தினார்.

1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் திருச்செங்கோட்டு வாக்காளர்கள் அவரை மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஏப்ரல் மாதம் 17-ஆம் நாள் அவர் மகாராட்டிர ஆளுநராகப் பொறுப்பேற்றார். அரசியலமைப்பின் 158-ஆம் பிரிவு இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஆளுநராகப் பொறுப்பேற்ற அந்த நாளே, அவருடைய உறுப்பினர் இடம் காலியாகிவிடும். வாக்களித்த மை விரலில் அழிந்து சில வாரங்களே ஆன நிலையில், திருச்செங்கோட்டுக்கு உறுப்பினர் இல்லை! அவ்விடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் திரு. எஸ். கந்தப்பன் வென்றார். சுப்பராயனோ ஆளுநர் பதவியில் ஆறு மாதமும் நிறைவதற்குள், அக்டோபர் 6-ஆம் நாள், பதவியிலிருக்கும்போதே காலமானார். இதில் யாருக்கு ஆதாயம் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆயினும் ஒருவரை இவ்வளவு விரைவாக மாளிகைக்கு அனுப்புவது வாக்காளருக்குச் செய்யும் மரியாதையாகாது என்பது என் கருத்து.

மூவருள் என் மனத்தில் மிகுதியாக இடம்பெற்றவர் சி. எஸ். என்று நாடு அழைத்த திரு. சி. சுப்பிரமணியம். 1910-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், பொள்ளாச்சிக்கு அருகில் செங்குட்டைப்பாளையத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். திருப்பராய்த்துறைத் தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் அவருடைய சிறிய தந்தையார் முறையினர். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பின்பு சட்டம் பயின்றார். கோயம்புத்தூரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். பௌதிகம் பயின்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அது பயன்படும்.

ஆளுநரைத் தேர்ந்தெடுப்பதா, நியமிப்பதா என்று விவாதித்த அந்த அரசியல் நிர்ணய சபையில் அவர் ஓர் உறுப்பினர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த நியமனம் தம்மிடமே வரும் என்று அன்று அவர் எண்ணியிருக்க நியாயமில்லை.

1952-இல் முதற் பொதுத் தேர்தல். அக்காலத்து வாக்குப்பதிவை இன்றைய மாணவர்க்குச் சற்று விளக்க வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டப்பட்டிருக்கும். எழுத்தறியாத வாக்காளர், தமக்கு வேண்டிய சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவார். முத்திரை குத்தும் வேலை இல்லை. காங்கிரசின் சின்னம் நுகம் பூட்டிய இரட்டைக் காளை. காங்கேயத்தில் அச்சின்னத்தைப் பற்றி யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிராது! ஆசிரியர்களே வாக்குச்சாவடிப் பணிக்குச் செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. நானும் பல தேர்தல்களில் சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். மாலையில் இறுதி வாக்காளர் சென்றபின் கணக்கை ஒப்பிடும் அந்த அரைமணி நேரம், தேர்வு விடைத்தாளைத் திருத்துவதைக் காட்டிலும் கடினம்.

1952 முதல் பத்து ஆண்டுகள் சி. எஸ். சென்னை மாநில அமைச்சராக இருந்தார். முதலில் ராஜாஜியின் அமைச்சரவை. அடுத்து வந்தது 1954-ஆம் ஆண்டின் நெருக்கடி. ராஜாஜியின் புதிய கல்வித் திட்டம், குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்டு நாடெங்கும் கிளர்ச்சியாயிற்று. ராஜாஜி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்தது. காமராஜருக்கு 93 வாக்குகள். ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. எஸ்.-க்கு 41. காமராஜர் அடுத்துச் செய்த செயல் இன்றைய அரசியலில் அரிதாகவே காணப்படும். எதிர்த்து நின்ற சி. எஸ்.-ஐயும், அவருக்கு ஆதரவாக நின்ற திரு. பக்தவத்சலத்தையும் தம் எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். நிதியும் கல்வியும் சி. எஸ்.-இடம் வந்தன.

அந்தக் கல்வித் துறையில்தான், 1956-ஆம் ஆண்டில் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டே. கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி 1960-இல் தொடங்கிற்று. அவர் நிதியமைச்சராக இருந்த காலத்தில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமும் உருவாகி, 1961-இல் பணி தொடங்கப் பெற்றது. மேற்கு மலையின் நீர் பல கல் தொலைவு கால்வாயில் வந்து, காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில் முடிகிறது. நாங்கள் கடைமடைக்காரர்கள். தண்ணீர் வரும் முறையைப் பற்றி எங்கள் உழவர்களுக்கு இன்றும் குறை உண்டு. அதனை இங்கு விரிக்கப் புகுந்தால் நேரம் போதாது.

1962-இல் அவர் பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். நேரு அவருக்கு எஃகுத் துறையைத் தந்தார். 1964-இல் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, வேளாண்மைத் துறை வந்தது. விரும்பிக் கேட்டு வாங்கும் துறையன்று அது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் துறைமுகத்தில் இறங்கினால்தான் நகரங்களில் பங்கீட்டுக் கடை திறக்கும் என்னும் நிலை. 1964-65-இல் ஏறத்தாழ 8 கோடியே 90 இலட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், மழை பொய்த்த மறு ஆண்டில் 7 கோடியே 20 இலட்சம் டன்னாக வீழ்ந்தது. 1966-இல் வெளிநாட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்தோம்.

பௌதிகம் பயின்றவர் என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? அவர் அறிவியலாரைத் தேடிச் சென்றார். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் போன்றோர், மெக்சிகோவில் டாக்டர் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை நம் நிலத்தில் நன்கு விளைகிறது என்று கூறினர். அதிக உரம் இட்டால் பழைய கோதுமை உயர்ந்து வளர்ந்து, கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் சாயாது. செய்தி இவ்வளவுதான். ஆயின் அதனை ஏற்பதற்கு உரம் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும், விதை வேண்டும். உழவனுக்குக் கட்டுப்படியாகும் விலையும் வேண்டும். நிதியமைச்சகம் தயங்கியது. இடதுசாரிகள் எதிர்த்தனர். சி. எஸ். பின்வாங்கவில்லை. 1965-இல் இந்திய உணவுக் கழகமும் வேளாண் விலைக் குழுவும் அமைந்தன. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. தில்லியில் தம் அரசு இல்லத்துப் புல்தரையை உழுது அதிலேயே புதிய கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார். அமைச்சர் வீட்டுப் புல்தரை விளைநிலமாயிற்று என்பதில் எங்கள் பக்கத்து உழவர்க்கு வியப்பு ஒன்றும் இல்லை. நிலம் சும்மா கிடந்தால் மனம் பொறுக்காத வழக்கம் நமக்கு உண்டு.

இதற்கிடையில் 1965-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். இந்தி ஆட்சிமொழி ஆவதை எதிர்த்துத் தமிழகத்து மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. சி. எஸ்.-உம், மற்றொரு தமிழக அமைச்சரான திரு. ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். சாஸ்திரி மொழிக் கொள்கையில் உறுதிமொழி தந்தபின், அவ்விலகல்கள் ஏற்கப்படாமல் நின்றன.

இத்தனைக்கும் பின் 1967-ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. கோபிச்செட்டிப்பாளையம் தொகுதியில் சி. எஸ். நின்றார். அரிசித் தட்டுப்பாடு வீட்டுக்கு வீடு பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. முழங்கியது. மொழிப் போராட்டத்தின் புண்ணும் ஆறவில்லை. அந்நிலையில் நாட்டின் உணவமைச்சரே வந்து வாக்குக் கேட்டால் மக்கள் என்ன நினைப்பார்கள்? தி.மு.க. வேட்பாளர் திரு. பி. ஏ. சாமிநாதன் வென்றார். அதே தேர்தலில் விருதுநகரில் காமராஜரே தோற்றார். சென்னையில் அண்ணாதுரை முதலமைச்சரானார்.

மறு ஆண்டு, 1968-இல் கோதுமை அறுவடைக்கு வந்தது. அதற்கு முன் நாடு கண்ட மிகுதியான விளைச்சல் 1 கோடியே 20 இலட்சம் டன் அளவு. இப்போது அது ஒரு கோடியே 65 இலட்சம் டன்னுக்கும் மேலாயிற்று. வட இந்தியாவில் களஞ்சியம் போதாமல் பள்ளிக்கூடக் கட்டடங்களில் மூட்டைகளை அடுக்கினார்கள். இந்திரா காந்தி அம்மையார் கோதுமைப் புரட்சி என்று ஒரு தபால் தலை வெளியிட்டார். விதைத்தவர் அன்று அமைச்சரும் அல்லர். நாடாளுமன்ற உறுப்பினரும் அல்லர்.

மாணவர்கள் இதனைக் கேட்டுவிட்டு, கோபிச்செட்டிப்பாளையத்து மக்கள் நன்றி மறந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவ்வாறு எண்ணுவது தவறு. கோதுமை விளைந்தது பஞ்சாபில். பானையில் அரிசி இல்லாதது பவானிக் கரையில். வாக்காளருக்கு அந்நாளில் தெரிந்த உண்மையைக் கொண்டு அவர் தீர்ப்பளித்தார். விளைச்சலுக்குப் பருவம் ஒன்று. தேர்தலுக்குப் பருவம் வேறு. அவை ஒத்து வராத ஆண்டும் உண்டு. சி. எஸ். அத்தோல்வியோடு அரசியலை விட்டு வீட்டுக்குப் போகவும் இல்லை.

1969-இல் காங்கிரஸ் பிளந்தபோது அவர் இந்திரா காந்தியின் பக்கம் நின்றார். ஐந்தாவது மக்களவையில் கிருஷ்ணகிரித் தொகுதியின் உறுப்பினரானார். திட்ட அமைச்சர், பின்பு 1974 முதல் நிதியமைச்சர். 1975-இல் வட்டாரக் கிராம வங்கிகள் தொடங்கியது அவர் நிதியமைச்சராக இருந்தபோதுதான். நெருக்கடி நிலைக் காலத்து அமைச்சரவையிலும் அவர் இருந்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பழனித் தொகுதியில் நின்றார். அன்று காங்கேயம் பழனித் தொகுதியோடு சேர்ந்திருந்தது. ஆகவே அவர் எங்கள் உறுப்பினரானார். காளைச் சின்னம் போய்ப் பசுவும் கன்றும் வந்திருந்தது. வாக்குரிமை வயது அன்று 21. பள்ளியிறுதி வகுப்பு மாணவனான எனக்கு வாக்கில்லை, வேடிக்கை மட்டுமே உண்டு. வடக்கே காங்கிரஸ் அடியோடு சாய்ந்தது. தமிழகத்தில் அண்ணா தி.மு.க. கூட்டணியோடு நின்றதால் 39-இல் 34 இடங்களைக் கூட்டணி பெற்றது. சி. எஸ். வென்றார், அவர் கட்சி ஆட்சியை இழந்தது. அவரவர் வாக்குப் பெட்டியும் நாட்டின் வாக்குப் பெட்டியும் இவ்வாறு எதிரெதிராகப் பேசுவதும் உண்டு. பின்பு அவர் இந்திரா காந்தியை விட்டுப் பிரிந்தார். 1979-இல் சரண்சிங்கின் குறுகிய கால ஆட்சியில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார்.

ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து, தம் எண்பதாம் வயதில், 1990 பிப்ரவரி 15-ஆம் நாள் அவர் மகாராட்டிர ஆளுநரானார். தில்லியில் வி. பி. சிங் ஆட்சிக்கு வந்து, முந்தைய அரசு நியமித்த ஆளுநர்கள் பலரை விலகச் செய்திருந்த நேரம் அது. ஆளுநருக்கு ஐந்தாண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ள வரை என்றும் அதே 156-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இரண்டாவது வாசகமே பெரிதாக நிற்கிறது. காரணமின்றி ஆளுநரை நீக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல்தான் வரையறுத்தது.

அவர் வந்த இரண்டே வாரத்தில் அம்மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். 288 இடங்களில் காங்கிரசுக்கு 141. பெரும்பான்மைக்குச் சில இடங்கள் குறைவு. ஆளுநர் வெறும் கையெழுத்துப் போடுபவர் என்று நினைப்போர் இத்தகைய வேளைகளைக் கவனிக்க வேண்டும். யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்பவர் அவரே. சி. எஸ். சரத் பவாரை அழைத்துப் பதவிப் பிரமாணம் செய்வித்தார். சுயேச்சைகளின் துணையோடு அரசு அமைந்தது.

மூன்றாண்டு நிறையும் தறுவாயில் அது முடிந்தது. 1992 திசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின், பம்பாய் நகரம் இருமுறை கலவரத்தால் எரிந்தது. அந்நாள்களில், பிரதமர் நரசிம்மராவின் செயல்முறையைப் பற்றித் தனிப்பட்ட முறையில் சி. எஸ். குறை கூறிய சில சொற்கள் செய்தித்தாளுக்கு எட்டிவிட்டன. மேடைப் பேச்சன்று அது, அறிக்கையும் அன்று. ஆயினும் 1993 சனவரி 9-ஆம் நாள் அவர் பதவியிலிருந்து விலகினார்.

இதனை எண்ணிப் பாருங்கள். 1965-இல் அமைச்சராக இருந்தபோது பிரதமரின் நிலையை ஏற்காமல் அவர் விலகல் கடிதமே கொடுத்தார், பதவி போகவில்லை. அமைச்சரின் பின்னால் தொகுதி மக்கள் இருக்கிறார்கள். அவரை இழப்பது பிரதமருக்கும் இழப்பு. 1993-இல் ஒரு தனிப் பேச்சு போதுமானதாயிற்று. ஆளுநரின் பின்னால் எந்தத் தொகுதியும் இல்லை. அவரை அமர்த்திய ஆணை ஒன்றே உண்டு. அதே மனிதர், அதே வெளிப்படையான வாய். அமர்ந்த இருக்கை மட்டுமே வேறு. நீதிபதி சர்க்காரியா குழு 1988-இல் தன் அறிக்கையில், அண்மைக் காலத்தில் தீவிர அரசியலில் ஈடுபட்டவரை ஆளுநராக்கலாகாது என்று கூறிற்று. கட்சிச் சார்பைக் கருதியே அக்குழு அவ்வாறு கூறியது. மேடையில் பழகியவருக்கு வாயை மூடியிருப்பது எவ்வளவு கடினம் என்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1998-ஆம் ஆண்டில் அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கிற்று. அவ்வாண்டு இவ்விருது பெற்ற மற்றொருவர் இசைமேதை எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார். திரு. இராதாகிருஷ்ணன் கோயம்புத்தூரில் முதன்முறை வென்றதும் அதே ஆண்டில்தான். சி. எஸ். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார். பம்பாய் மாளிகையிலிருந்து வந்தபின் அவர் வேறு அரசுப் பதவி எதனையும் ஏற்கவில்லை. உழவு, நீர், விதை என்று கேட்போரிடமெல்லாம் இறுதிவரை பேசிக்கொண்டேயிருந்தார்.